டெடிங்டனுக்கு மேலா, கீழா? தென்மேற்கு லண்டனில் ஒரு கயாக் கழகத்தைத் தேர்ந்தெடுப்பது

கிங்ஸ்டன், டோல்வொர்த், நியூ மோல்டன் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் பிள்ளையைக் கிரிக்கெட்டுக்கோ பேட்மின்டனுக்கோ எங்கே சேர்ப்பது என்று கேட்டால், ஆலோசனை சொல்ல நாலு பேர் முன்வருவார்கள். கயாக் கழகம் எது நல்லது என்று கேட்டால், தேம்ஸ் ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடினாலும், பெரும்பாலும் மௌனம்தான் கிடைக்கும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு பிற்பகல் துடுப்பு வலித்துவிட்டு வந்த என் 12 வயது மகள், இனி வாரந்தோறும் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றபோது, அந்த மௌனத்தை நானே எதிர்கொண்டேன். அவளோடு நானும் சேரலாமே என்ற ஆசை பிறகு தொற்றிக்கொண்டது. சில மாதங்கள் கழகங்களின் வாசல்களில் ஏறி இறங்கியதில் நான் கண்டுகொண்டவற்றை, இதே முடிவை எடுக்க நிற்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இங்குள்ள கழகங்களின் பெயர்ப் பலகையில் 'கனூ' என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் கொட்டகை முழுவதும் கயாக் அடுக்கியிருக்கும். கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலிப்பது கயாக்; மண்டியிட்டோ பலகையில் உட்கார்ந்தோ, ஒரு முனையில் மட்டும் அலகுள்ள துடுப்பால் வலிப்பது கனூ. நம் வள்ளத்துக்கு உறவு என்று சொல்லத்தக்கது இரண்டாவதுதான். பெயர் இப்படி மாறிப்போனதற்கு ஜான் மக்கிரெகர் என்ற ஸ்கொட்லாந்து வழக்கறிஞருக்குப் பெரும் பங்குண்டு. அவர் 1865இல் 'ராப் ராய்' என்று பெயரிட்ட சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளையும் ஏரிகளையும் சுற்றிவந்தார். மேல்தளம் மூடி, இருமுனைத் துடுப்பால் செலுத்திய அந்தப் படகை அவர் கனூ என்றே அழைத்தார். அடுத்த ஆண்டு, 1866இல், அவர் தொடங்கிய கழகமே இன்று டெடிங்டனில் இயங்கும் ரோயல் கனூ கழகம். உலகின் மிகப் பழைய கனூ கழகமாக அதனைக் கருதுகிறார்கள். ஆகவே பலகையில் உள்ள சொல்லைக் கொண்டு எந்தக் கழகத்தையும் எடைபோட இயலாது.

சந்தா எவ்வளவு, பயிற்றுநர் எத்தனை பேர், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளோடுதான் நான் புறப்பட்டேன். அவை பிழையான கேள்விகள் அல்ல என்றாலும் அவற்றுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: அந்தக் கழகத்தின் இறங்குதுறைக்கு முன்னால் இருப்பது எந்த வகை நீர்? வாரத்தில் எத்தனை நாள் படகு இறக்கலாம், எந்த நேரத்தில் இறக்கலாம், எந்தப் படகில் உட்கார வைப்பார்கள், ஓராண்டின் முடிவில் எதைக் கற்றிருப்போம் என்பவை எல்லாம் அந்த நீரைப் பொறுத்தே அமைகின்றன. தென்மேற்கு லண்டனில் இதற்கு எல்லைக்கோடாக நிற்பது டெடிங்டன். கடலின் வற்றுப்பெருக்கு தேம்ஸில் ஏறிவருவது அங்குள்ள லாக் வரைக்கும்தான். படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் அந்த மதகுக் கட்டமைப்புக்கு மேலே இருப்பது ஆறு, கீழே இருப்பது பாதி கடல்.

லாக்குக்கு மேலே, டெடிங்டனிலிருந்து மோல்சி லாக் வரை ஏறத்தாழ 4.75 மைல் நீளத்துக்கு ஆறு தடையின்றிக் கிடக்கிறது. கிங்ஸ்டன் பாலத்தையும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையையும் கடந்து செல்லும் இந்த நீட்சியில், சாதாரண நாட்களில் நீரோட்டம் மெதுவானது. காலை 7 மணிக்குப் போனாலும் மாலை 7 மணிக்குப் போனாலும் நீர்மட்டம் ஒன்றேபோல் இருக்கும். நேர அட்டவணையோடு வாழும் பந்தயக் கழகங்கள் இத்தகைய நீரை விரும்புவதில் வியப்பில்லை. டெடிங்டனில் ரோயல், இன்னும் மேலே வேபிரிட்ஜில் எல்ம்பிரிட்ஜ் ஆகிய கழகங்கள் இந்த வகை. இவற்றில் சேர்வோர் முதலில் அகலமான, ஆடாத படகில் தொடங்கி, படிப்படியாக ஒடுங்கிய படகுகளுக்கு மாறி, கடைசியில் கே1 என்ற ஒற்றையர் பந்தயப் படகை எட்டுகிறார்கள். 5.2 மீட்டர் நீளமும், உட்காருபவரின் இடுப்பைவிடச் சற்றே கூடிய அகலமும் கொண்ட அப்படகு, துடுப்பை நீரில் வைக்காமல் சும்மா இருந்தாலே கவிழ்ந்துவிடும் இயல்புடையது. சைக்கிள் போலத்தான்: ஓடிக்கொண்டிருக்கும்வரை நிற்கும்.

நான் கவிழ்ந்தேன் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பின் மூன்றாம் வாரத்தில், என் எடைக்கும் வயதுக்கும் ஒவ்வாத படகொன்றை உற்சாகமிகுதியால் கேட்டு வாங்கி, கரையிலிருந்து இருபது முழம்கூடப் போகாமல், வாத்துகள் பார்த்திருக்க, ஆற்றில் விழுந்தேன். விழுவது அங்கே பாடத்தின் ஒரு பகுதி; யாரும் சிரிக்கவில்லை, என் மகளைத் தவிர. ஆனால் 40 வயதைத் தாண்டி முதுகு வலியோடு வருகிறவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சமநிலையைப் பழக ஆகும் சில மாதங்களுக்கு, அந்தக் குளிர்நீரில் அடிக்கடி நனைவதற்கு மனம் ஒப்புமா? பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. அவர்களின் உடல் எடை குறைவு, பயமும் குறைவு. என் மகள் இரண்டு மாதத்தில் நிலைத்த படகில் என்னால் இன்றுவரை நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை.

பந்தயக் கழகத்தின் பெரும் வலிமை, முன்னேற்றத்தை அளந்து காட்டும் ஏணி அங்கே ஏற்கெனவே இருப்பது. ஹாஸ்லர் என்ற பெயரில் நடைபெறும் மரதன் பந்தயத் தொடரில் போட்டியாளர்களை 1 முதல் 9 வரையிலான பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். புதியவர் 9ஆம் பிரிவில், ஏறத்தாழ 4 மைல் தூரத்தில் தொடங்குகிறார். நடுப் பிரிவுகளுக்கு 8 மைல், மேல் பிரிவுகளுக்கு 12 மைல். நேரம் குறையக் குறையப் பிரிவு உயரும். கடைசி இடத்தில் வருகிறவருடைய புள்ளிகூடக் கழகத்தின் கணக்கில் சேரக்கூடும் என்பதால், திறமை குறைந்த பிள்ளையையும் கழகம் ஒதுக்கிவைப்பதில்லை. இந்தப் பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன என்பது, சனிக்கிழமை காலையைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒதுக்கிய குடும்பங்களுக்குச் சிறிய விஷயமல்ல. இந்த ஏணியின் உச்சியில் டிவைசிஸ் – வெஸ்ட்மின்ஸ்டர் பந்தயம் நிற்கிறது. 1948 முதல் ஈஸ்டரையொட்டி நடக்கும் இப்பந்தயத்தின் தூரம் 125 மைல். வழியில் 77 இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓட வேண்டும். பெரியவர்களின் இரட்டையர் பிரிவு இரவு பகலாக நிற்காமல் வலிக்கிறது. அதற்கு ஆசைப்படும் பெற்றோர் தம் ஈஸ்டர் விடுமுறைகளை இப்போதே மறந்துவிடலாம்.

மேலாற்றின் குறை மழைக்காலத்தில் தெரியும். நீரோட்டம் வலுக்கும்போது சுற்றுச்சூழல் முகமை லாக்குகளில் எச்சரிக்கைப் பலகைகளை மாட்டும். மஞ்சள் பலகை என்றால் இயந்திரமில்லாத படகுகள் இறங்க வேண்டாம். சிவப்பு என்றால் எந்தப் படகும் வேண்டாம். ஈரமான குளிர்காலங்களில் சிவப்புப் பலகை வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. அந்த வாரங்களில் கழகம் ஓட்டப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மாறிவிடும். சந்தாவின் கணிசமான பகுதி படகில் ஏறாத நாட்களுக்கும் போகிறது என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்திருப்பது நல்லது.

டெடிங்டனுக்குக் கீழே கதை வேறு. ரிச்மண்ட் கனூ கழகம் போன்றவை இருக்கும் இந்தப் பகுதியில் நீர் ஏறும், இறங்கும். ஆனால் இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. 1894இல் ரிச்மண்டில் கட்டிய அரைப்பெருக்கு லாக்கும் அதன் மதகுகளும், டெடிங்டன் வரையிலான ஆறு முற்றாக வற்றிப்போகாமல் காக்கின்றன. பெருக்கு உச்சத்துக்கு இரு புறமும் சுமார் இரண்டு மணி நேரம் மட்டுமே அந்த மதகுகளைத் தூக்கி வழிவிடுகிறார்கள். எனவே ரிச்மண்டுக்கு மேலே பயிற்சி செய்கிறவர்களுக்கு வற்றுப்பெருக்கு ஓரளவு பழக்கிய யானை. அந்த மதகுகளைக் கடந்து பட்னி, செல்சி நோக்கிக் கீழே போகப் போக அது காட்டு யானை ஆகிறது. வற்று நேரத்தில் ஓடும் வேகத்துக்கு எதிராகத் தொடக்கநிலையாளர் ஒருவரால் துடுப்பு வலித்து முன்னேறுவது கடினம். கட்டிநிற்கும் பார்ஜுகளுக்கும் பாலத் தூண்களுக்கும் இடையே நீரோட்டம் இழுத்துச் செல்வது இன்னும் ஆபத்து.

ஆண்டுதோறும் நவம்பரை ஒட்டிச் சில வாரங்கள், பராமரிப்புக்காக ரிச்மண்ட் மதகுகளைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள். அப்போது வற்று நேரத்தில் டெடிங்டன் வரை ஆற்றின் அடிப்பாகம் வெளியே தெரியும். சேறும் கூழாங்கல்லும் பழைய சைக்கிள்களும் தலைகாட்டும். படகு இறக்குவது அன்றன்றைய பெருக்கு நேரத்தைப் பொறுத்ததாகிவிடும். பெருக்கு நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், செவ்வாய் மாலை 6 மணிக்கு வசதியாக இருந்த நீர் அடுத்த செவ்வாய் அதே நேரத்தில் வசதியாக இருக்காது. கீழாற்றுக் கழகத்தில் சேர்வோர் கடிகாரத்தோடு சந்திரனையும் பார்க்கப் பழக வேண்டும். கரையோரக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமல்ல. அம்மாவாசை, பறுவம் என்றால் பெருக்கு அதிகம் என்று அறிந்த தாத்தாக்கள் நமக்கு இருந்தார்கள். ஒரு வகையில் இதுவே கீழாற்றின் பரிசும்: கடல் கயாக் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர், நீரோட்டத்தைப் படிக்கும் அறிவை இங்கேயே பெற்றுவிடலாம். மேலாற்றில் எத்தனை ஆண்டு வலித்தாலும் அது வராது.

மூன்றாவது வகைக் கழகம் எந்த ஆற்றையும் தன் வீடாகக் கொள்வதில்லை. பழைய கப்பல் துறை ஒன்றிலோ ஏரியிலோ வார மாலைப் பயிற்சி, குளிர்காலத்தில் நீச்சல் குளத்தில் வகுப்பு, வார இறுதிகளில் கார்களின் கூரையில் படகுகளைக் கட்டிக்கொண்டு நெடும் பயணம் என்பது அவற்றின் வாழ்க்கைமுறை. கிழக்கு லண்டனில் ஷாட்வெல் பேசினில் இயங்கும் டவர் ஹாம்லெட்ஸ் கனூ கழகம் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். நகரின் மற்றப் பக்கங்களிலும் இவ்வகைக் கழகங்கள் உண்டு. இவற்றின் மையப் பாடம் பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடும் வேகநீர். இரண்டு முதல் மூன்று மீட்டர் நீளமுள்ள குட்டையான பிளாஸ்டிக் படகு, தலைக்கவசம், உட்காரும் துளையை மூடி இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்ப்ரே டெக் ஆகியவை இங்கே அடிப்படைச் சாமான்கள். கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வராமலே, இடுப்பின் சுழற்சியாலும் துடுப்பின் வீச்சாலும் நிமிர்ந்து எழும் வித்தையைக் குளத்தில்தான் கற்றுத்தருகிறார்கள். அதன் பின் டெவனில் டார்ட் ஆறு, வேல்ஸில் அணையிலிருந்து திறந்துவிடும் நீரில் ஓடும் ட்ரைவெரின் ஆறு என்று பயணங்கள் விரியும்.

பெரியவர்களுக்கு இந்த மூன்றாவது வகையே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். படகு அகலமானது, வயதும் எடையும் அவ்வளவு தடையல்ல, ஆண்டின் பாதி வெதுவெதுப்பான குளத்தில் கழியும். ஆனால் கார் இல்லாதவருக்கு இது சிரமம். டார்ட்டுக்குப் போய்வர ஒரு வார இறுதி முழுவதும் வேண்டும். பெட்ரோலும் தங்குமிடமும் சந்தாவில் அடங்காது. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இப்பயணங்களில் இடம் கிடைப்பதும் அரிது. கழகத்தின் வழியாக இல்லாமலும் வேகநீரைப் பழகலாம்: 2012 ஒலிம்பிக்குக்காக வால்தம் குரோஸ் அருகே அமைத்த லீ வேலி மையத்தில், 300 மீட்டர் நீளத்தில் 5.5 மீட்டர் இறங்கும் ஒலிம்பிக் தடமும், தொடக்கநிலையாளருக்கு ஏற்ற 160 மீட்டர் தடமும் இருக்கின்றன. பம்புகள் நீரை ஏற்றி இறக்குவதால் மழையை நம்ப வேண்டியதில்லை. ஆயினும் டோல்வொர்த்திலிருந்து அங்கே போவது லண்டனைக் குறுக்கே வெட்டிச் செல்வதற்குச் சமம்.

கழகமே வேண்டாம், காற்றடிக்கும் கயாக் ஒன்றை வாங்கி விரும்பிய நேரத்தில் போகலாமே என்று கேட்பவர்கள் பலர். செலவுக் கணக்கில் அவர்கள் சொல்வது சரிதான்: புதிய கார்பன் பந்தயப் படகொன்றின் விலை 2000 பவுண்டைத் தாண்டுவது வழக்கமாக இருக்க, காற்றடிக்கும் படகை அதில் ஒரு சிறு பங்கில் வாங்கி, அடுக்குமாடி வீட்டின் அலுமாரியில் மடித்து வைத்துவிடலாம். எனினும் உரிமம் வேண்டும் என்பதைப் பலர் அறியாமலே இறங்கிவிடுகிறார்கள். டெடிங்டனுக்கு மேலே உள்ள தேம்ஸில் சுற்றுச்சூழல் முகமையிடம் படகைப் பதிவு செய்திருக்க வேண்டும். தேசிய அமைப்பான பேடில் யுகே – 2024 வரை பிரிட்டிஷ் கனூயிங் என்று அறியப்பட்டது – வழங்கும் தனிநபர் உறுப்புரிமையில் இந்த உரிமமும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் சேர்ந்தே வருகின்றன. இன்னொன்று: ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஆறுகளையும் ஏரிகளையும் பொதுவாகத் திறந்துவிட்டிருக்க, இங்கிலாந்தில் பெரும்பாலான ஆறுகளில் படகோட்டும் உரிமை இன்னும் வழக்காடும் பொருளாகவே இருக்கிறது. வரைபடத்தில் நீலக்கோடு இருக்கிறதென்று படகை இறக்கிவிட முடியாது.

தனியாகப் போவதற்கு எதிரான உண்மையான வாதம் பணமோ சட்டமோ அல்ல, கலிங்கு. ஒவ்வொரு லாக்குக்கும் பக்கத்தில் ஆற்றின் நீரை வழியவிடும் கலிங்கு ஒன்று உண்டு. நம் ஊர்க் குளங்கள் வான் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். கீழே விழுந்த நீர் தன்னுள்ளேயே திரும்பச் சுருண்டு, விழுந்த பொருளை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும் என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் வேல்ஸின் ஹாவர்ஃபோர்ட்வெஸ்டில், பெருக்கெடுத்த ஆற்றில் நின்றபடி வலிக்கும் பலகைகளில் சென்ற குழு ஒன்று கலிங்கில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அப்பயணத்தை நடத்தியவரிடம் அதற்குரிய தகுதி இருக்கவில்லை என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. தனியே போவதும் தகுதியில்லாதவர் பின்னால் போவதும் ஒன்றே. ஆகவே கழகமோ வாடகை மையமோ, குழுவை அழைத்துச் செல்கிறவரின் சான்றிதழ் எந்த வகை நீருக்கானது என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல கழகங்கள் அக்கேள்வியை மகிழ்ந்து வரவேற்கின்றன. மணிக்கணக்கில் படகு தரும் வாடகை மையங்கள், கோடையில் இரண்டு மூன்று முறை போய்ப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்குப் போதும். அதற்கு மேல் அங்கே வளர்ச்சி இல்லை.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். 15 பாகை செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் மூச்சுத் திணறி உடல் அதிரும் என்று உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. எச்சரிக்கிறது, நீந்த முயலாமல் முதலில் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு அசைய வேண்டும் என்பது அதன் அறிவுரை. ஏப்ரலில் வெயில் அடித்தாலும் தேம்ஸ் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும். மிதவை அங்கி அணியாமல் பிள்ளைகளை இறங்கவிடும் இடம் எதுவானாலும் அங்கிருந்து திரும்பிவிடலாம். நம்மவரில் நீச்சல் தெரியாத பெற்றோர் பலர் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: பல கழகங்கள் 50 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. அதைத் தடையாகக் கருதாமல், முதல் ஆறு மாதத்தை உள்ளூர் நீச்சல் குளத்துக்குக் கொடுப்பதே முறை. எலிகளின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் பற்றிய அச்சமும் நியாயமானதே. காயத்தை நீர்புகாமல் மூடுவதும், வந்தவுடன் குளிப்பதும், கை கழுவாமல் சிற்றுண்டி தொடாதிருப்பதும் எந்தக் கழகத்திலும் பொது விதி.

பணத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. மூன்று வகைக் கழகங்களின் சந்தாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, இவ்வளவு தூரம் பேசிய நீர் வேறுபாட்டைவிடச் சிறியது. கேட்க வேண்டியது வேறு: கழகப் படகைப் பயன்படுத்தச் சந்தாவே போதுமா, சொந்தப் படகு வைக்க அடுக்கில் இடம் காலியா, பந்தய நுழைவுக் கட்டணத்தை யார் கட்டுவது? இவை தவிர உழைப்பாகவும் ஒரு சந்தா உண்டு. இக்கழகங்களை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பெற்றோர் வாகனமோட்ட வேண்டும், தேநீர் ஊற்ற வேண்டும், வசந்தத்தில் கொட்டகைக்குச் சாயம் பூச வேண்டும். பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர் இரண்டாம் மாதமே பார்வைகளால் சுடப்படுவார். நான் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதிலளிக்காத கழகம் ஒன்றும் இருந்தது. அதற்கும் தொண்டர் பற்றாக்குறைதான் காரணம் என்று பின்னர் நேரில் போனபோது புரிந்தது. எழுதுவதைவிட ஞாயிறு காலை நேரில் போய் நிற்பதே மேல்.

எங்கள் வீட்டில் முடிவு இரண்டாகப் பிரிந்தது. மகள் டெடிங்டனுக்கு மேலுள்ள பந்தயக் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். நீர்மட்டம் மாறாததால் பள்ளி முடிந்த மாலைகளில் நேரத்தோடு போய்வர முடிகிறது, பேருந்திலும் போகலாம். நான் கீழாற்றை மிக விரும்பினேன். ஆனால் வேலை முடியும் நேரத்தோடு பெருக்கு நேரம் மாதத்தில் சில நாள் மட்டுமே ஒத்துப்போனது. ஆகவே குளிர்காலம் முழுவதும் குளத்தில் பழகும் பயணக் கழகத்தில் சேர்ந்தேன். தொடக்க வகுப்புகள் கடிகாரம் மாறிய பின், ஏப்ரலில் ஆரம்பிக்கின்றன. இடங்கள் அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடக்கூடும் என்பதால், சேர நினைப்பவர்கள் குளிர்காலத்திலேயே விசாரிக்கத் தொடங்கலாம். கீழாற்றுக் கழகத்தை எண்ணுவோர் நவம்பரில் மதகுகள் திறந்திருக்கும் வாரத்தில், வற்று நேரம் பார்த்து ரிச்மண்ட் கரைக்கு ஒருமுறை நடந்து போய் வருவது நல்லது. எங்கே படகு இறக்கப் போகிறோம் என்பதை ஆறே திறந்து காட்டும்.